படியளந்தவர் யார்? குழந்தை அரசனும் நல்லூரின் கடைசிக் காவலரும்

யாழ்ப்பாண அரசின் தலைநகராயிருந்த நல்லூரில், முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளேந்தி நிற்கும் சங்கிலியன் சிலைக்கு மாலை அணிவிக்கப்படும் நாள்களில், யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வழக்கு மீண்டும் எடுக்கப்படுகிறது. அந்நியரை எதிர்த்து நின்ற கடைசி அரசன் என்று ஒரு சாரார் போற்றுகின்றனர். அரச குடும்பத்தவரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தவன் என்று மறுசாரார் எடுத்துக்காட்டுகின்றனர். இதனோடு அண்மைக் காலத்தில் வேறொரு கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது. மிகுபுனைவு நாவல்களிலும் கணினி விளையாட்டுகளிலும் பழகிய இளம் வாசகருக்கு, தேய்ந்து கொண்டிருக்கும் அரசொன்றில் இளவரசக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுவழியே நடக்கும் போர்வீரனை நன்றாகத் தெரியும். அப்படி ஒருவன் நல்லூரில் இருந்திருக்க முடியுமா என்று அவர்கள் கேட்கின்றனர்.

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. 1617இல் யாழ்ப்பாண அரசன் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவனுக்குப் பின் எஞ்சியது ஒரு சிறு குழந்தை. அதற்கடுத்த நான்கு ஆண்டுகளில் நடந்த கொலை, கிளர்ச்சி, படையெடுப்பு ஆகியவற்றின் உள்ளே, அந்தக் குழந்தை யார் கையில் இருக்கிறது என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கணக்கு விளங்கினால் காவலனின் நிலையும் விளங்கும்.

எந்தச் சங்கிலி, எந்தக் குழந்தை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும்.

1. முதலாம் சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டவன். 1544இல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறியவர்களைக் கொல்வித்தவனும், 1560இல் கோவாவிலிருந்து வந்த படையைச் சந்தித்தவனும் இவனே.

2. இரண்டாம் சங்கிலி, அதாவது சங்கிலி குமாரன், 1617 முதல் 1619 வரை அதிகாரத்தில் இருந்தவன். அரச கொலைகளும் கடைசித் தோல்வியும் இவன் காலத்தவை.

3. இருவருக்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. 1736இல் ஒல்லாந்த ஆட்சியாளரின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இருவரையும் ஒருவனாகவே சொல்லிச் செல்கிறது. நம் ஊர்க் கூத்துகளும் பாட்டிமார் கதைகளும் பெரும்பாலும் அந்த வழியையே பின்பற்றின.

வைபவமாலையில் சங்கிலி, சிங்கவாகு என்ற இளவரசனை நஞ்சூட்டியும் பண்டாரம் என்பவனை வாளுக்கு இரையாக்கியும் அரசைப் பிடிக்கிறான். இறுதியில் காக்கை வன்னியன் நண்பனாக நடித்துத் தழுவி அவனைப் பிடித்துக் கொடுக்கிறான். யாழ்ப்பாணத்தில் இன்றும் காட்டிக்கொடுப்பவனுக்குக் காக்கை வன்னியன் என்றே பெயர். ஆனால் ஓர் அரசனைத் தழுவும் தூரத்துக்கு ஒருவன் வந்துவிட்டபோது அவனுடைய மெய்க்காவலர் எங்கே நின்றனர் என்று அந்தக் கதை கேட்பதில்லை. 1617இன் குழந்தையும் அதில் தனிப் பாத்திரமாக வருவதில்லை. அந்தக் காலப் பகுதிக்குப் போர்த்துக்கேயர் எழுதியவற்றையே, சிறப்பாக 1680களில் கோவாவில் குவேறோஸ் பாதிரியார் எழுதிய பெருநூலையே, நாம் நம்பியிருக்க வேண்டியுள்ளது. அது வென்றவர் பக்கத்துப் பதிவு என்பதை மறக்காமல் அதைப் படிக்க வேண்டும்.

சில சொற்கள்

மெய்க்காவலர் என்போர் அரசனின் உடலுக்குக் காவலானவர். கோட்டைக் காவல், எல்லைக் காவல் என்பவற்றிலிருந்து இது வேறானது. அரசன் உறங்கும் அறை, உண்ணும் இடம், உலா செல்லும் வழி ஆகியவையே இவர்களின் களம். சோழர் காலத்து வேளைக்காரரும் பாண்டியர் மரபில் பேசப்படும் ஆபத்துதவிகளும் இவ்வகையினர். தலைவனுக்கு உற்ற வேளையில் உயிரைக் கொடுப்பதாகச் சூளுரைத்தவர்கள்.

செஞ்சோற்றுக் கடன் என்பது தலைவன் அளித்த சோற்றுக்கு ஈடாக வீரன் தன் உயிரைத் தருவது. புறத்திணை இலக்கணம் இதனை அவிப்பலி என்ற துறையாகவே வகுத்துள்ளது. பாடலில் உயர்ந்து ஒலிக்கும் இந்தச் சொல்லுக்கு அரண்மனைக் களஞ்சியத்தில் இருந்த பெயர் படி. ஆளொருவனுக்கு அளந்து கொடுக்கப்படும் நெல்லும் அரிசியும் அவனுடைய படி. அதைக் கொடுப்பவன் படியளப்பவன். கடவுளைப் படியளப்பவன் என்று சொல்வதும் இந்தப் பொருளிலேயே.

ஆட்சிப் பொறுப்பாளர் என்று இக்கட்டுரை சொல்வது, அரசன் வயதுக்கு வரும்வரை அவன் பெயரால் ஆள்பவரை. ஆராச்சி என்பது படைத் தலைவனுக்கான பட்டம். லஸ்கரின் என்போர் போர்த்துக்கேயரின் கீழ்ப் போர்த்தொழில் செய்த உள்ளூர்ப் படையாட்கள். வடுகர் அல்லது வடக்கர் என்போர் தஞ்சை, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்த தெலுங்குப் படையினர்.

வலுவுள்ள அரசில் காவல் எப்படி இருக்கும்

1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபன் பத்தூத்தா, யாழ்ப்பாண அரசனான ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார். சிவனொளிபாத மலைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டபோது அரசன் ஒரு பல்லக்கையும் அதைச் சுமக்கும் ஆட்களையும் கொடுத்தான். அவ்வழியே ஆண்டுதோறும் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் பரிவாரத்தவர் பத்துப் பேர், உணவு சுமப்போர் பதினைந்து பேர் ஆகியோரையும் உடன் அனுப்பினான்.

இந்த எண்ணிக்கையை ஊன்றிப் பார்க்க வேண்டும். அரசனுக்கு எந்த உறவுமில்லாத ஒரு வழிப்போக்கருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் போகிறார்கள். அவர்களில் பதினைந்து பேரின் வேலை சோற்றைச் சுமப்பது மட்டுமே. போர்வீரனும் குழந்தையுமாக இருவர் தனியே நடக்கும் மிகுபுனைவுப் பயணத்துக்கும் உண்மையான அரச பயணத்துக்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது. மேலும், தன் காவலரை அந்நியருக்கு இரவல் கொடுக்க முடிந்த அரசன் தன் உயிரைப் பற்றி அஞ்சாதவன். பிற்கால நல்லூர் அரசர் எவருக்கும் அந்த வசதி இருக்கவில்லை.

வேளைக்காரரின் இரண்டு முகங்கள்

காவலரின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது நம்மவர் வழக்கமாகக் காட்டும் சான்று வேளைக்காரர். அரசன் இறந்தால் தீயில் பாய்ந்து உடன் மடியும் மெய்க்காவலரைப் பற்றி மார்க்கோ போலோவும் தமிழகக் கரையோரத்தைக் குறித்து எழுதியிருக்கிறார். ஆனால் வேளைக்காரரின் வரலாற்றை இலங்கையிலேயே இன்னும் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம்.

சிங்கள அரசன் முதலாம் விசயபாகு சோழரைப் பொலன்னறுவையிலிருந்து அகற்றியவன். அவனுடைய படையிலும் வேளைக்காரர் இருந்தனர். 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவன் சோழருக்கு எதிராகப் படையெடுக்க ஆணையிட்டபோது அவர்கள் மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். இலங்கை அரசரின் வரலாற்றைக் கூறும் பாளி நூலான சூளவம்சம் தரும் விவரம் கடுமையானது: படைத்தலைவர் இருவரைக் கொன்றனர், அரசனின் தங்கையையும் அவளுடைய மூன்று ஆண்பிள்ளைகளையும் சிறைப்பிடித்தனர், அரண்மனையை எரித்தனர். அரசன் தப்பியோடிப் பின்னர் படை திரட்டி வந்து கிளர்ச்சியை அடக்கினான்.

அதே விசயபாகு இறந்த பின்னர், அதே வேளைக்காரர் பொலன்னறுவையில் ஒரு நீண்ட தமிழ்க் கல்வெட்டைப் பொறித்தனர். புத்தரின் புனித தந்தம் இருந்த கோயிலுக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று பெயரிட்டு, தங்கள் குலம் உள்ளவரை அதைக் காப்பதாக உறுதி கூறினர். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் என்று தங்கள் பிரிவுகளையும் அதில் அடுக்கியுள்ளனர்.

அரச பிள்ளைகளைப் பிடித்தவர்களும் தந்தத்தைக் காக்கச் சூளுரைத்தவர்களும் ஒரே அமைப்பைச் சேர்ந்தவர்களே. எனது கணிப்பில் இதில் முரண்பாடு பெரிதாக இல்லை. தம் இனத்தாரோடு போரிட வேண்டும் என்ற ஆணை அவர்களின் கூட்டு நலத்துக்கு எதிரானது. கோயிற் காவல் அந்த நலத்துக்கு இசைந்தது. வேளைக்காரன் தனி மனிதனாகச் சூளுரைத்தாலும் கூட்டமாகவே முடிவெடுத்தான். மெய்க்காவலனைத் தனியொரு வீரனாகக் கற்பனை செய்யும் கதைகள் இந்தப் பகுதியைத் தவறவிட்டுவிடுகின்றன.

நல்லூர் அரசு தேய்ந்த வழி

யாழ்ப்பாண அரசு ஒரே அடியில் விழவில்லை. காவலனின் நிலையைப் பாதித்த மூன்று படிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1. 1450: தென்னிலங்கையின் கோட்டை என்ற சிங்கள அரசின் படையுடன் சப்புமல் குமாரன், நம்மவர் வழக்கில் செண்பகப்பெருமாள், யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். அரசன் கனகசூரிய சிங்கையாரியன் மனைவி மக்களோடு கடல் கடந்து போனான். பிள்ளைகள் திருக்கோவலூரில் வளர்ந்து போர்ப்பயிற்சி பெற்றனர் என்று வைபவமாலை கூறுகிறது. 1467இல் அரசு மீண்டது. இழந்த முடியை மீட்கக் கூடிய வாரிசுகளை அக்கரையில் வளர்ப்பது என்ற வழி அப்போது திறந்திருந்தது.

2. 1560: கோவாவின் இராசப்பிரதிநிதி கொன்ஸ்தாந்தினோ டி பிரகன்சா நல்லூரைப் பிடித்தான். மக்கள் எழுச்சி அவனை வெளியேறச் செய்தது. எனினும் மன்னார் போர்த்துக்கேயர் கையிலேயே தங்கிவிட்டது. முத்துக்குளிப்பின் வருமானம் போன இடம் அது. அரசனின் மகனும் பிணையாகக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். களஞ்சியமும் வாரிசும் ஒரே ஆண்டில் குறைந்தன.

3. 1591: அந்திரே புர்த்தாடோ டி மென்டோன்சாவின் படை நல்லூருக்குள் புகுந்து புவிராச பண்டாரத்தைக் கொன்றது. அந்தக் களத்தில் காயமுற்றுக் கிடந்த எதிர்மன்னசிங்கனைக் காப்பாற்றியவன் சிமாவோ பின்ஹாவோ என்ற போர்த்துக்கேயத் தளபதி. காப்பாற்றப்பட்டவனையே அரசனாக்கினர்.

மூன்றாவது நிகழ்வு தனியே நின்று பார்க்கத்தக்கது. நல்லூர் அரசன் ஒருவனின் உயிரைக் காத்த வீரன் பகைவர் படையைச் சேர்ந்தவன். அதே ஆண்டில் நல்லூரில் உள்ளூர்த் தலைவர்களான முதலியார்களும் பிரதானிகளும் கூட்டப்பட்டுப் போர்த்துக்கல் மன்னனுக்குப் பணிவதாக உறுதியளித்தனர். அதுவரை காவலன், ஆராச்சி, முதலியார், அரசன் என்று ஒரே கோட்டில் ஏறிய கட்டளை, அன்று முதல் முதலியார் மட்டத்தில் இரண்டாகப் பிளந்தது. ஒரு கிளை நல்லூர் அரண்மனைக்கும் மறுகிளை கொழும்பு வழியாக ஐரோப்பாவுக்கும் போயிற்று. எதிர்மன்னசிங்கன் கண்டிக்கு இரகசியமாக உதவிக்கொண்டும் போர்த்துக்கேயருக்குப் பணிந்துகொண்டும் கால் நூற்றாண்டு ஆண்டான். இரண்டு பக்கமும் நடந்த அந்த அரசன் இருந்தவரை பிளவு வெளியே தெரியவில்லை.

குழந்தை என்பது முத்திரை

வாரிசுக் குழந்தை ஒன்றை ஏன் பலர் காக்கவும் கவரவும் முயல்கின்றனர் என்பதற்கு, நல்லூருக்கு முன்னரே இலங்கையில் இரண்டு தெளிவான எடுத்துக்காட்டுகள் நடந்திருந்தன.

கோட்டை அரசன் ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் உருவத்தைப் பொன்னில் செய்து 1540களின் தொடக்கத்தில் லிஸ்பனுக்கு அனுப்பினான். அங்கே போர்த்துக்கல் மன்னன் அந்தப் பொற்பாவைக்கு முடிசூட்டினான். குழந்தையின் பாதுகாப்பை உறுதிசெய்ய அதன் உருவத்தையே அடைக்கலமாக ஒப்படைத்த செயல் இது. 1551இல் புவனேகபாகு களனியில் சுடப்பட்டு இறந்தான். பேரன் அரியணை ஏறினான், 1557இல் கத்தோலிக்கனானான், 1580இல் தன் அரசைப் போர்த்துக்கல் மன்னனுக்கு உரித்தாக எழுதிக் கொடுத்தான். பாவையைப் பெற்றுக்கொண்டவர் இறுதியில் நாட்டையும் பெற்றார்.

இரண்டாவது நிகழ்வு நமக்கு இன்னும் அருகிலானது. கண்டி அரச குடும்பத்துச் சிறுமி குசுமாசன தேவி, தந்தை நாட்டை இழந்த பின் மன்னாரில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் வளர்ந்தாள். தோனா கத்தரினா என்ற பெயர் பெற்றாள். 1594இல் அவளை அரசியாக்கி அவள் பெயரால் கண்டியை ஆளலாம் என்று பெரோ லொப்பஸ் டி சூசா ஒரு படையோடு அழைத்துச் சென்றான். தந்துரையில் அந்தப் படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்தான். அவனுடைய உரிமை அதனால் உறுதிப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மடிந்த அந்தப் போரில் இரு தரப்பும் உயிரோடு விட்டுவைக்க விரும்பிய ஒரே ஆள் அவள்தான்.

எனவே அரசக் குழந்தையைக் கொல்லத்தான் எல்லாப் பகைவரும் வருவார்கள் என்ற எண்ணம் பாதி உண்மையே. குழந்தை முத்திரை மோதிரம் போன்றது. அதை உடைப்பதைவிடக் கைப்பற்றி அழுத்துவதே இலாபமானது. கொல்லப்படும் ஆபத்து அதிகம் உள்ளவர்கள் குழந்தையைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள். 1617இல் நல்லூரில் நடந்தது ஏறத்தாழ இதுவே.

1617: உள்வாயிலில் ஓர் இரவு

எதிர்மன்னசிங்கன் இறந்ததும் அவன் தம்பி அரசகேசரி ஆட்சிப் பொறுப்பாளனானான். காளிதாசனின் காவியத்தைத் தமிழில் இரகுவமிசமாகப் பாடிய அரசகேசரி இவனே என்று கொள்வது வழக்கம். அரச குடும்பத்தைச் சேர்ந்த சங்கிலி குமாரன் எழுந்து அரசகேசரியையும், உரிமை கோரக்கூடிய இளவரசரையும், செல்வாக்கு மிக்க பெரியபிள்ளை ஆராச்சியையும் கொன்றான். குழந்தை எஞ்சியது. அந்தக் குழந்தையின் ஆட்சிப் பொறுப்பாளனாகத் தன்னை ஏற்கும்படி சங்கிலி குமாரன் போர்த்துக்கேயரிடம் கேட்டான்.

அந்த நாள்களில் உள்வாயிலில் நிற்கும் ஒரு காவலனை, பெயரின்றி, கற்பனையாக நினைத்துக்கொள்வோம். இடையில் வாள், கையில் ஈட்டி. அருகில் நிற்பவன் கையில் திரித்துப்பாக்கி. திரியின் நுனி கனன்றுகொண்டிருக்கிறது, அது அணையாமல் அவன் அடிக்கடி ஊதுகிறான். உள்ளே குழந்தை இருமுவதும் தாதி தாலாட்டுவதும் கேட்கின்றன. வெளியே தீவட்டி வெளிச்சத்தில் ஒரு முதலியார் ஆட்களோடு வந்து நின்று, ஓர் ஓலையை நீட்டி, குழந்தையை வேறு மாளிகைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார்.

காவலன் தீர்க்க வேண்டியவை இவை:

1. ஓலை யார் பெயரில் உள்ளது? குழந்தை அரசனின் பெயரில். எழுதச் சொன்னவர் யார் என்பது ஓலையில் இராது. தான் காக்கும் பிள்ளையின் பெயராலேயே அந்தப் பிள்ளையை ஒப்படைக்கும்படி ஆணை வருகிறது.

2. ஆணையை உறுதிப்படுத்த யாரிடம் போவது? ஆட்சிப் பொறுப்பாளன் நேற்று வரை அரசகேசரி. இன்று அவன் உயிரோடிருக்கிறானா என்பதே வாயிலில் நிற்பவனுக்குத் தெரியாது.

3. தன் ஆராச்சி எந்தப் பக்கம்? காவலன் தனியாளாக மறுத்தால் கிளர்ச்சிக்காரன். ஆராச்சியோடு சேர்ந்து மறுத்தால் ஒரு தரப்பு.

4. நாளை படியளப்பவர் யார்? அவனுக்குப் பின்னால் வீட்டில் வாய்கள் உள்ளன. களஞ்சியத் திறப்பு யார் இடுப்பில் இருக்கிறதோ, செஞ்சோற்றுக் கடன் அவருக்கே போய்ச் சேரும்.

செஞ்சோற்றுக் கடன் என்ற அறத்தில் இருந்த ஓட்டை நான்காவது புள்ளியில் வெளிப்படுகிறது. சோறு போட்டவன் இறந்துவிட்டான். அவனுடைய பிள்ளைக்குச் சோறு போட அதிகாரமில்லை. சோறு போட வல்லவன் பிள்ளையின் உறவினரைக் கொன்றவன். கடன் யாருக்கு? பழைய இலக்கணம் அரசன் ஒருவன், களம் ஒன்று, பகைவன் எதிரே என்ற நிலைக்கு வகுக்கப்பட்டது. அரண்மனைக்குள்ளேயே பகை இருக்கும்போது அது வழிகாட்டுவதில்லை.

மறுத்து மடிந்தவர் எவராவது இருந்திருக்கலாம். வாயிற்காவலரின் பெயரைப் போர்த்துக்கேயரும் எழுதவில்லை, நம்மவரும் எழுதவில்லை.

குழந்தையோடு தப்பினால் எங்கே போவது

மிகுபுனைவுக் கதையில் வீரன் மலைக்கோ அடர்காட்டுக்கோ போவான். யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் மலையுமில்லை, ஆண்டு முழுதும் ஓடும் ஆறுமில்லை. பனந்தோப்பும் கிணறும் வயலும் கொண்ட தட்டை நிலத்தில், அழும் குழந்தையோடு பகலில் மறைந்திருப்பது எளிதன்று. இருந்த வழிகள் மூன்று.

தெற்கே கடல்நீரேரியைத் தாண்டிப் பூநகரி வழியாக வன்னிக்குப் போகலாம். அங்குள்ள குறுநிலத் தலைவர்களான வன்னியர் அடைக்கலம் தரலாம், விற்கவும் செய்யலாம். மேற்கே ஊர்காவற்றுறைக்கும் தீவுகளுக்கும் போகலாம்; அங்கே போர்த்துக்கேயரின் கப்பல்கள் நடமாடின. வடக்கே பருத்தித்துறைப் பக்கமிருந்து கோடிக்கரைக்குக் கடல் கடக்கலாம். ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர்.

கடல்வழியே கனகசூரியன் போன வழி, ஆதலால் எவருக்கும் முதலில் தோன்றக்கூடியது. ஆனால் பாக்கு நீரிணையில் வள்ளம் செலுத்தியோர் அனைவரும் அறிந்த ஒன்று, காற்றுக்கு அரசன் ஆண்டி என்ற வேறுபாடு இல்லை என்பது. ஆனி மாதச் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசி, வடமேற்கே போக வேண்டிய பாயைக் கிழக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். இதனால் காவலனுக்கு வாளைவிடத் தேவையானவர் ஒரு நல்ல தண்டையல், அதாவது வள்ளத்தின் தலைவன். கடலோடிகளின் தலைவர்கள் யாழ்ப்பாண அரசியலில் பெற்றிருந்த எடைக்கு இதுவும் ஒரு காரணம்.

1618 முதல் 1621 வரை

கொழும்பிலிருந்து சங்கிலி குமாரனுக்கு உறுதியான ஆதரவு வரவில்லை. 1618இன் பிற்பகுதியில் கத்தோலிக்க முதலியார்கள் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. அவன் ஊர்காவற்றுறைக்கு ஓடினான். 1591இல் பிளந்த கட்டளைக் கிளை இங்கே வெளியே தெரிந்தது: கிளர்ந்த முதலியார்கள் தாங்கள் யாருக்கும் துரோகம் செய்வதாகக் கருதியிருக்க வேண்டியதில்லை, அவர்களின் பணிவு ஏற்கெனவே வேறிடத்துக்கு உரியதாக இருந்தது.

சங்கிலி குமாரன் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உதவி கேட்டான். வருணகுலத்தான் தலைமையில் 5,000 பேர் வந்தனர், கிளர்ச்சி அடக்கப்பட்டது. மலபார்க் கடற்படையாளர் நெடுந்தீவைத் தளமாகக் கொள்ளவும் அவன் இடமளித்தான். இப்போது நல்லூரைக் காத்து நின்ற பெரும்படை தஞ்சையில் படி பெறுவது; கடலைக் காத்தவர்கள் கொள்ளையில் பங்கு பெறுபவர்கள். அரசனுக்கென்று தன் களஞ்சியத்திலிருந்து உண்ணும் காவலர் எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்று எண்ணிப் பார்த்தால், ஓர் அரசு தேய்வது என்பதன் பொருள் தெளிவாகும். இதற்காக அவனை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. மன்னாரை இழந்த அரசுக்குக் கூலிப்படையைத் தவிர வேறு வழி குறைவு.

1619 யூனில் போர்த்துக்கேயரின் இரண்டு படைகள் வந்தன. கடல்வழி வந்ததை மலபாரார் தடுத்தனர். பிலிப் டி ஒலிவேரா தலைமையில் தரைவழி வந்த, ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட படை வென்றது. சங்கிலி குமாரன் குடும்பத்தோடு கடலில் தப்ப முயன்று பிடிபட்டான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விவரம். கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான்.

அதன் பின்னரும் போர் ஓயவில்லை. கடலோடிச் சமூகமான கரையாரின் தலைவன் மிகப்பிள்ளை ஆராச்சி கிளர்ந்தான். தஞ்சையிலிருந்து மீண்டும் மீண்டும் படைகள் இறங்கின. 1621 அளவில் அம்முயற்சிகள் முறிந்தன. எதிர்ப்பவர்களுக்கு ஓர் அரச வாரிசு தேவைப்பட்டது. வாரிசோ ஒலிவேராவின் பிடிக்குப் போயிருந்தது. குழந்தையை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களே நாட்டின் பெயரால் பேசலாம் என்ற கணக்கைப் போர்த்துக்கேயர், கோட்டை அரசிலும் கண்டியிலும் நன்கு கற்றிருந்தனர்.

காவல் முடிந்த விதம்

அரச குடும்பத்தில் எஞ்சியோர் கொல்லப்படவில்லை. அவர்கள் திருமுழுக்குப் பெற்றுத் துறவு மடங்களில் சேரும்படி ஊக்கப்படுத்தப்பட்டனர், பெரும்பாலோர் இணங்கினர். துறவு பூண்டவருக்கு மணமில்லை, மணமில்லாதவருக்கு வாரிசில்லை. வாளால் செய்ய வேண்டியதை மடத்து மணி செய்து முடித்தது. பரராசசேகரன், செகராசசேகரன் என்று மாறிமாறிச் சூடப்பட்ட அரியணைப் பெயர்களை அதன் பின் எவரும் சூடவில்லை.

நல்லூர்த் தலைநகரின் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாயநாதர் என்று நான்கு கோயில்களை எல்லைக் காவலாக வைபவமாலை சொல்கிறது. இன்று பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோப்பு வளைவையும் அதன் அருகே யமுனா ஏரியையும் பார்க்க வருவோர், அந்த நான்கு கோயில்களையும் சைக்கிளில் ஒரு காலை வேளையில் சுற்றிவிடலாம். ஒரு குழந்தையைக் காப்பதற்கு இருந்த நிலம் எவ்வளவு சிறியது என்பது கால்களுக்குத் தெரியும்.

ஒலிவேரா ஆட்சி இருக்கையை நல்லூரிலிருந்து கடலோரத்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றினான். காவல் தொழில் தொடர்ந்தது. லஸ்கரின்கள் ஆராச்சிகளின் கீழேயே நின்றனர், வாளும் ஈட்டியும் துப்பாக்கியும் பழையவையே. படி மட்டும் பட்டினத்துக் களஞ்சியத்திலிருந்து அளக்கப்பட்டது.